பழைய கோடாலித் தலையை இனம் காண்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்தப் பழைய இரும்புக் கடையிலும், வாரச்சந்தையில் சாக்கு விரித்துக் கருவி விற்கும் எந்த மூலையிலும், காம்பில்லாத கோடாலித் தலைகள் நாலைந்து கிடக்கும். விலை கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "வெள்ளக்காரன் காலத்துதுங்க." அதில் பாதி, லாரி பட்டாவை (சக்கரத்துக்கு மேல் இருக்கும் வில் தகட்டை) வெட்டி உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது. மீதிப் பாதியில்தான் நல்லது இருக்கிறது, ஆனால் அதைத் துருவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மாட்டுக் கொட்டகை ஓரம் கோமியம் பட்டுக் கிடந்த இரும்பு இரண்டு மழைக்காலத்திலேயே நூறு வருஷத்துத் தோற்றத்துக்கு வந்துவிடும். பரணில் எண்ணெய் தடவி வைத்த உண்மையான பழையதோ பளிச்சென்று இருக்கும்.

பலரும் முதலில் முத்திரையைத் தேடுகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. முத்திரை தேய்ந்துபோகும், போலியாகவும் அடிக்கலாம், பெரும்பாலான நாட்டுக் கோடாலிகளில் முத்திரையே கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது காம்பு நுழையும் துளை.

துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கொல்லர் வேலையில் இரும்புப் பட்டையை ஒரு கம்பியச்சின் மேல் மடித்து, இரண்டு நுனிகளையும் உலையில் வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி, அடித்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு துளையின் முன்பக்கச் சுவரில், அதாவது வாய்ப்பக்கம் (வெட்டும் கூர்ப்பக்கம்) இருக்கும் மூலையில், மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். சில தலைகளில் கோடு முழுதாக ஒட்டாமல், நகம் நுழையும் அளவுக்குப் பிளவு விட்டிருக்கும். அது விரிசல் இல்லை. சூடு அங்கே போதாமல் போனதால், அல்லது கசடு சிக்கியதால் வந்த குறை. அந்தப் பிளவு கன்னம் (தலையின் பக்கவாட்டு முகம்) வரை ஓடி வராத வரைக்கும் தலை உறுதியாகவே இருக்கும்.

ஒட்டே இல்லாமல் உள்சுவர் வழவழப்பாக இருந்தால், முழு இரும்பில் துளையிட்டது. அதை வைத்து உடனே 'புதுசு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த காலின்ஸ் ஆலையில் எலிஷா ரூட் என்பவர் கோடாலி அடிக்கும் இயந்திரங்களை 1830-களிலேயே உருவாக்கிவிட்டார். ஆலையில் துளையிட்ட தலை நூற்றைம்பது வருஷத்துப் பழையதாகவும் இருக்கலாம், போன மாசத்துச் சரக்காகவும் இருக்கலாம். ஒட்டு இருந்தால் கைவேலை என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் எதையும் சொல்ல முடியாது, அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வகை, குழாய்த் துண்டையோ வளைத்த பட்டையையோ தகட்டோடு மின்வெல்டிங் செய்தது. வெளியே கிரைண்டர் போட்டு வெல்டிங்கை மறைத்திருப்பார்கள். துளைக்குள் கிரைண்டர் போகாது. அங்கே சொட்டுச் சொட்டாக உருகி உறைந்த இரும்பு விரலுக்குத் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால், பழசு என்று சொல்லப்பட்ட விலையை மறந்துவிட்டு எடைக்குப் பேசுங்கள். பழைய தலையின் உடைந்த துளையை வெல்டிங் வைத்துச் சரிசெய்ததும் உண்டு. அப்போது வெல்டிங் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மற்ற பக்கம் பழைய ஒட்டுக்கோடு தெரியும். வேலைக்கு அது ஆகும், சேகரிப்புக்கு ஆகாது.

துளையின் வடிவமும் பேசும். நம் நாட்டுக் கோடாலிகளில் பலவற்றின் துளை வட்டமாக, மேலே சற்று அகலமாகவும் கீழே சற்றுக் குறுகலாகவும் இருக்கும். பிக்காசுக் காம்பு போல, நுனி பருத்த காம்பை மேலிருந்து நுழைத்து இழுத்தால் வீச வீச இறுகும், ஆப்பு வேண்டாம். மேலைநாட்டுத் தலைகளில் துளை நீள்முட்டையாகவோ, ஒரு பக்கம் கூர்ந்த துளி வடிவாகவோ இருக்கும். அமெரிக்க வகைகளில் நடுவில் குறுகி, மேலும் கீழும் விரிந்திருக்கும். காம்பைக் கீழிருந்து ஏற்றி, மேலே கீறிய பிளவில் ஆப்பு அடித்தால் மேல்விரிவில் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒரு ஸ்கேலை வைத்து மேலளவும் கீழளவும் எடுத்துப் பாருங்கள், எந்த மரபு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இதைக் கவனிக்காமல் காம்பு போடுவதால்தான் நல்ல தலைகள் வீணாகின்றன. மேலிருந்து நுழைக்க வேண்டிய வட்டத் துளையில் கீழிருந்து காம்பை ஏற்றி, நிற்கவில்லை என்று ஆணி மேல் ஆணியாக அடிக்கிறார்கள். துளைச்சுவர் பக்கவாட்டில் மெல்லியது, ஒட்டுப் போட்ட இடத்திலேயே விட்டுக்கொள்ளும். சந்தேகமிருந்தால் மண்ணெண்ணெயைத் துளையைச் சுற்றித் தடவி, கால்மணி நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மெல்ல மேலேறி, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகக் காட்டும்.

அடுத்தது வாய். எஃகு விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் முழுத் தலையையும் எஃகில் அடிக்க மாட்டார்கள். உடல் தேனிரும்பு (கரிமம் மிகக் குறைந்த மென்மையான இரும்பு), வாயில் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு எஃகு. இரும்பைப் பிளந்து நடுவில் எஃகைச் செருகியிருப்பார்கள், அல்லது ஒரு பக்கத்தில் மேலே வைத்து ஒட்டியிருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சமையலறை வினிகர் போதும். வாயிலிருந்து துளை நோக்கி நாலு சென்டிமீட்டர் அகலத்துக்கு, இரண்டு கன்னத்திலும் 220 எண் எமரித் தாளால் துருவை எடுங்கள். பிறகு 400 எண் தாள். சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும், இல்லையென்றால் வினிகர் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். வினிகரில் நனைத்த துணியைப் போர்த்திக் கால்மணி முதல் அரைமணி நேரம் விட்டுக் கழுவினால் எஃகு கருஞ்சாம்பலாகவும் இரும்பு வெளிறியும் நிற்கும். நடுவே வளைந்து நெளிந்த ஒட்டுக்கோடு தெரியும். தேனிரும்பாக இருந்தால் அந்த வெளிறிய பகுதியில் மரத்தின் ரேகை மாதிரி நீள இழைகளும் தெரியும். பழைய முறையில் காய்ச்சிய இரும்பில் கசடு இழையிழையாகத் தங்கியிருப்பதால் வருவது அது. லாரி பட்டாவில் இது வரவே வராது, முழுத் தலையும் ஒரே கறுப்பாகும். ஆலையில் முழு எஃகில் செய்ததும் கறுக்கும், ஆனால் தோய்ச்சல் (காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ முக்கிக் கடினப்படுத்துவது) போட்ட பகுதிக்கும் போடாத பகுதிக்கும் நடுவே மங்கலான ஒரு அலைக்கோடு தெரியலாம். ஒட்டுக்கோடு கூர்மையாக இருக்கும், தோய்ச்சல் கோடு புகை போலக் கரைந்திருக்கும்.

எஃகு எவ்வளவு மிச்சம் என்பதையும் இதே சோதனையில் அளந்துகொள்ளலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வேலைக்கு எடுக்கலாம். பல வருஷம் சாணை பிடித்துப் பிடித்து எஃகு முழுதும் போய், இரும்பே வாயாக நிற்கும் தலைகள் நிறைய உண்டு. பார்க்க அழகாக இருக்கும். கருவேலங்கட்டையில் நாலு வெட்டு விழுந்தால் வாய் மடங்கிவிடும். அரம் போட்டுப் பார்த்தால் எளிதில் தெரியும்: நல்ல வாயில் அரம் வழுக்கும், அல்லது கொஞ்சமாகப் பிடிக்கும். இரும்பில் வெண்ணெய்யில் போல இறங்கும். வாயில் நீல நிறம் படிந்திருந்தால் யாரோ கிரைண்டரில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்போது வருகிற நிறம் அது. அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிப்போயிருக்கும். நீலம் படிந்த அளவை ஈரச் சாணையில் தேய்த்து எடுத்துவிட்டால் பல சமயம் அடியில் நல்ல எஃகு கிடைக்கும்.

வாயின் தேய்மானத்தையும் பாருங்கள். கைக்குத் தூரமாக இருக்கும் முனை அதிகம் தேய்ந்து வட்டமாகியிருந்தால், அது மண்ணிலும் கல்லிலும் பட்டுப்பட்டுச் சாணைக்குப் போன விறகுக் கோடாலி. வாய் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்து, கூர் மெல்லியதாக இருந்தால் தச்சர் கையில் இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

தச்சுக் கோடாலியை விறகுக் கோடாலியிலிருந்து பிரிப்பது சாய்வுதான். மரம் வெட்டவும் விறகு பிளக்கவும் வாய்க்கு இரண்டு பக்கமும் சாய்வு வேண்டும். உருட்டுக் கட்டையைச் சதுரமாகச் செதுக்கும் கோடாலிக்கு, உளிக்கு இருப்பது போல, ஒரு பக்கம் மட்டுமே சாய்வு. மறுபக்கம் சப்பை. வலக்கைக்காரர் கோடாலியில், வாயை எதிரே நீட்டிப் பிடித்தால், சப்பைப் பக்கம் இடதுபுறம் இருக்கும். செதுக்கும் கட்டை அந்தப் பக்கம்தான் வரும். இடக்கைக்காரருக்கு நேர்மாறு. சில அகலக் கோடாலிகளில் துளை இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், காம்பை மாற்றிப் போட்டால் கை மாறிவிடும். காம்பும் நேராக இருக்காது, கட்டையில் விரல் உரசாமலிருக்கச் சாய்வுப் பக்கம் வெளியே வளைந்திருக்கும்.

ஏமாறும் இடமும் இதுதான். சாதாரணக் கோடாலியை ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்துத் தச்சுக் கோடாலி என்று விற்பார்கள். ஸ்கேலைச் சப்பைப் பக்கத்தில் வாய் முதல் துளை வரை நீளவாக்கில் வையுங்கள். உண்மையான ஒருபக்கச் சாய்வுத் தலையில் அந்தப் பக்கம் முழுக்க ஏறக்குறைய ஒரே தளம், துளையின் புடைப்பு மறுபக்கம் ஒதுங்கியிருக்கும். போலியில் வாயருகே ஓரிரு சென்டிமீட்டர்தான் ஸ்கேலோடு ஒட்டும், அதற்கப்புறம் கன்னம் வளைந்து விலகும், துளையும் சரியாக நடுவில் நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: அகலக் கோடாலிகளின் சப்பை முகம் குறுக்குவாக்கில், அதாவது வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, லேசாகப் புடைத்திருக்கலாம். முனைகள் மரத்தில் குத்தி இறங்காமல் இருக்க வேண்டுமென்றே செய்தது அது. குறை என்று நினைத்துத் தேய்த்துத் தட்டையாக்கிவிடாதீர்கள்.

நம் ஊர் ஆசாரிகள் செதுக்கு வேலைக்கு வாச்சியைத்தான் எடுப்பார்கள். வாய் காம்புக்குக் குறுக்கே நிற்கும், சாய்வு உள்பக்கம், அதாவது கையைப் பார்த்த பக்கம் இருக்கும். வாச்சி இருக்கும்போது ஒருபக்கச் சாய்வுக் கோடாலிக்கு இங்கே பெரிய தேவை இருந்ததில்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் வெளிநாட்டு வரத்து என்று முதலில் சந்தேகப்படலாம். வாச்சியை யாரும் சேகரிப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். வேலைத்திறனில் கோடாலியை விட நூறு மடங்கு சுவாரசியமான கருவி.

மண்டைக்கு வருவோம். நாட்டுக் கோடாலியில் துளைக்குப் பின்னால் இரும்பு மெல்லியதாகச் சுற்றி வரும், மண்டை என்று தனியாக இருக்காது. அதைச் சம்மட்டியால் அடித்து ஆப்பாகப் பயன்படுத்தினால் துளை நசுங்கிவிடும், அப்படி நசுங்கியவை ஏராளம். மேலைநாட்டுத் தலைகளில் கனத்த சதுர மண்டை இருக்கும். சுத்தியலாக அடிக்கத் தோய்ச்சல் போட்ட மண்டை பெரும்பாலும் கைக்கோடாலிகளில்தான் இருக்கும். பெரிய கோடாலியின் மண்டை பொதுவாக மென்மையானது, அதை அடித்தால் ஓரம் காளானாக விரியும். விரிந்த ஓரத்தை அரத்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த அடியில் சில்லு தெறிக்கும்.

அமெரிக்கக் கைக்கோடாலிகளில் மண்டையும் வாயும் சேர்ந்து தொழிலைச் சொல்லும். மரச்சில்லுக் கூரை வேய்பவருடையதில் சுத்தியல் மண்டையும், வாயின் கீழோரத்தில் ஆணி பிடுங்கும் வெட்டும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கு மரப்பட்டி அடிப்பவருடையதில் தலையின் மேலோரம் நேர்க்கோடாக இருக்கும். விட்டத்தை ஒட்டி ஆணி அடிக்கும்போது முனை கூரையில் இடிக்காமலிருக்க அப்படி. ஆணி வழுக்காமலிருக்க மண்டை முகத்தில் கட்டம் கட்டமாகக் கீறியிருப்பார்கள். இவை இங்கே வேலைக்கு வந்தவை அல்ல, பெங்களூரு வியாபாரிகள் வழியாகவோ இணைய விற்பனையிலோதான் கண்ணில் படும். எடை ஒரு துணைக் குறிப்பு: கைக்கோடாலித் தலை சுமார் 450 முதல் 900 கிராம், மரம் வெட்டுவது ஒன்றரை முதல் இரண்டு கிலோ, செதுக்கும் அகலக் கோடாலி இரண்டரைக் கிலோவுக்கு மேல்.

இப்போது முத்திரை. கம்பி பிரஷ்ஷைக் கிரைண்டரில் மாட்டித் தேய்ப்பதுதான் முத்திரைகளின் எமன். பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, சாக்பீஸ் பூசித் துடைத்து, இருட்டில் டார்ச்சைக் கன்னத்தை ஒட்டிப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். பாதி எழுத்து தானாக எழும். மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் உரசியும் எடுக்கலாம்.

இங்கே கிடைக்கும் ஆங்கிலேயச் சரக்கில் எட்வர்ட் எல்வெல் (வெட்னஸ்பரி), வில்லியம் ஹன்ட்டின் பிரேட்ஸ் (ஓல்ட்பரி), வில்லியம் கில்பின் (கேனாக் அருகே) ஆகிய மூன்று பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இங்கிலாந்தின் நடுப்பகுதி ஆலைகள். அமெரிக்கக் காலின்ஸ் 1826இல் தொடங்கி 1966இல் மூடியது. கிரீடத்திலிருந்து சுத்தியல் பிடித்த கை எழும் சின்னமும், 'லெஜிடிமஸ்' என்ற சொல்லும் அதன் அடையாளம். போலிகள் தொல்லையால் வந்த முத்திரை, அதையும் போலி செய்தார்கள். 'காஸ்ட் ஸ்டீல்' என்று இருந்தால் அச்சில் வார்த்தது என்று நினைக்கக் கூடாது. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் கொண்டுவந்த மூசை (உலோகம் உருக்கும் மண்பாத்திரம்) உருக்கு அது. மூசையில் உருக்கிய எஃகைப் பின்னர் அடித்துத்தான் கோடாலி செய்தார்கள்.

மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து, பெரும்பாலும் ராணுவத்துடையது. கூடவே 1942, 1943 என்று ஆண்டும் அடித்திருந்தால் உங்கள் வேலை முடிந்தது, இந்தத் துறையில் சந்தேகமே இல்லாத தேதி அதுதான். அம்புக்குறியைச் சுற்றி 'சி' எழுத்து இருந்தால் கனடா, இருபுறமும் 'டி' இருந்தால் ஆஸ்திரேலியா. ரயில்வே எழுத்துகளும் வரும்: 'எஸ்.ஐ.ஆர்.' என்றால் தென்னிந்திய ரயில்வே, 'எம்.எஸ்.எம்.' என்றால் 1908இல் உருவான மதராஸ் தென்மராத்தா ரயில்வே. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் போட்டு 1941இல் எடுத்துவிட்ட சிற்றகலப் பாதை ஓடிய பக்கமிது, ரயில்வே இரும்பு ஊருக்குள் கலந்திருப்பதில் வியப்பில்லை.

நாட்டுப் பெயரை வைத்தும் காலம் கணிக்கலாம். 1887இல் பிரிட்டனிலும் 1889இல் இந்தியாவிலும் வணிகக் குறிச் சட்டங்கள் வந்தன, அமெரிக்கா 1890 சுங்கச் சட்டத்தில் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. ஆகவே நாட்டுப் பெயர் அடித்த தலை பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தியது, தயங்காமல் சொல்லலாம். தனியாக நிற்கும் எண் எடையாக இருக்கலாம், பவுண்டுக் கணக்கில். தராசில் வைத்து 454 கிராமால் வகுத்துப் பாருங்கள். தேய்ந்த தலை எப்போதும் எண்ணை விடக் குறைவாகத்தான் நிற்கும். பொருந்தவே இல்லையென்றால் அது ஆலையின் அளவு எண்.

சுத்தம் செய்வதானால் தலையை வினிகரில் 12 மணி நேரம் ஊறவைத்தால் போதும், மிஞ்சிப்போனால் ஒரு நாள். அதற்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் அரித்து முகம் சொரசொரப்பாகும், முத்திரை போய்விடும். எடுத்ததும் சமையல் சோடாக் கரைசலில் கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுங்கள். தாமதித்தால் பத்து நிமிஷத்தில் ஆரஞ்சு நிறத் துரு பூக்கும். கறுப்பு நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கடுக்காய்த் தண்ணீரில் போட்டால் எந்தப் புது இரும்பும் கறுத்துவிடும். செயற்கைக் கறுப்பு துளைக்குள்ளும் வெளியிலும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் புழங்கிய தலையில் கை படும் இடமும், காம்பு மூடிய இடமும், வாயும் மூன்று வேறு நிறத்தில் இருக்கும்.

காம்புக்கு இந்தக் காடுகளில் கிடைப்பதில் வெக்காலியும் தடசும் முதல் தரம். அதிர்ச்சியை வாங்கும், எளிதில் முறியாது. பச்சை மரத்தில் போட்டால் ஒரே கோடையில் சுருங்கித் தலை ஆடும். நிழலில் மாசக்கணக்கில் காயவிட வேண்டும். ஆடும் தலையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் மறுநாள் வேலைக்கு உதவும், அவ்வளவுதான். ஊறிப் பருத்த நார் இரும்புச் சுவரில் நசுங்கி, காய்ந்ததும் முன்பை விட மெலிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. துளையே இல்லாத, சப்பையான இரும்புக் கோடாலி நிலத்தில் கிடைத்தால், அதிலும் குறுக்கே பெருக்கல் குறியாக இரும்புப் பட்டை பிணைந்திருந்தால், அது பெருங்கற்கால வகை. காம்போடு தலையைக் கட்ட அக்காலத்தில் செய்த ஏற்பாடு அந்தப் பட்டை. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இந்த மாவட்டங்களில் அக்காலக் கல்லறைகளான கல்வட்டங்களும் நிறைய. வழவழப்பாகத் தேய்த்த கற்கோடாலிகளும் வயலில் கிடைக்கும், சில கோயில்களில் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிடுவதும் உண்டு. இவற்றை எமரித் தாளும் வினிகரும் நெருங்கக் கூடாது. மண்ணோடு அப்படியே விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்பவர்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் படித்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் கடந்த கைவினைப் பொருள் அதன்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.